சிரிப்புப் புத்தகத்துக்கு ஒட்டிய போஸ்டர்

எங்கள் பதிப்பகத்தில் அவளுக்குப் பெயர் குக்கர். யார் வைத்தது என்று தெரியாது. அவள் காதுபடவே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் கோபித்துக்கொள்ளாத விஷயம் உலகத்தில் அது ஒன்றுதான். அட்டை அச்சாகி வரத் தாமதமானால் கோபம். கடைக்காரர் புதுப் புத்தகத்தைக் கீழ்த்தட்டில் செருகி வைத்தால் கோபம். 'தங்களின் மேலான கவனத்துக்கு' என்று தொடங்கும் எந்தக் கடிதத்தைப் பார்த்தாலும் கோபம். முதலில் மூக்கு விடைக்கும், பிறகு கழுத்து சிவக்கும், அதற்குள் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நழுவிவிடுவோம்.

நான் அங்கே பிழை திருத்துகிறவள். அவள் மேஜையும் என் மேஜையும் ஒட்டிக் கிடந்தன. டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் பசை வாடை. அவள் பார்த்தது விளம்பர வேலை. ஒரு புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே, அதை யார் வாங்குவார்கள், எங்கே வாங்குவார்கள், எதைச் சொன்னால் கையில் எடுத்துப் புரட்டுவார்கள் என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை.

இளவயதில் வீடு வீடாகப் போய்க் கலைக்களஞ்சியம் விற்றவள் அவள். முகத்தில் அறைந்து சாத்திய கதவுகள்தான் அதிகம். "பொய் சொல்லி வித்தா அந்தத் தெருவுக்குள்ள மறுபடி காலை வைக்க முடியாது. நான் எல்லாத் தெருவுலயும் நடக்கணும்" என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது துருவினால், "வந்து பார்த்தவங்க எல்லாம் தானா ஓடிட்டாங்க, நான் ஒருத்தரையும் துரத்தல" என்பாள். தங்கையோடு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் உச்சி மாடியில் இருந்தாள். அக்காளும் தங்கையும் பேசுவது படிக்கட்டு வரை கேட்கும். அதைச் சண்டை என்று நினைத்துக் கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை சமாதானம் பண்ண ஏறி வந்து, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அந்த நாவல் தபாலில் வந்தது. எழுதியவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர், எனவே எங்களுக்கு எக்ஸ்ரே அக்கா. நாவலின் பெயர் 'லிஃப்ட் ஓடாது'. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோகிறது. அதைச் சரிசெய்யக் குடியிருப்போர் சங்கம் கூடுகிறது, கூடிக்கொண்டே இருக்கிறது. தரைத்தளத்துக்காரர், "நான் ஏறுறதே இல்ல, எனக்கெதுக்கு லிஃப்ட்?" என்கிறார். உச்சி மாடிக்காரர் செய்தித்தாளைக் கூடையில் கயிறு கட்டி மேலே இழுக்கிறார். நடுவில் ஏதோ ஒரு ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, தாளை எடுத்து, குறுக்கெழுத்தை நிரப்பிவிட்டு மறுபடி கூடையில் போடுகிறது. அந்தக் கை யாருடையது என்று விசாரிக்க ஒரு குழு. அந்தக் குழுவின் மேல் சந்தேகப்பட்டு இன்னொரு குழு. கடைசியில் சங்கச் செயலாளர் நின்றுபோன லிஃப்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு அலுவலகம் நடத்த ஆரம்பித்துவிடுகிறார்.

குக்கர் அதைப் படித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். கணக்குப் பிரிவிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள், உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட எக்ஸ்ரே அக்கா நேரில் வந்தார். இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை நெருப்பு பட்ட தழும்பு. தோல் சுருங்கி, வாயின் ஓரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் சுவரையும் மேஜையையும் பார்த்துக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்று வழிந்தோம்.

அவரே சொன்னார்: "எங்க பார்க்கறதுன்னு தெரியலன்னா என் மூக்கைப் பாருங்க. அது நல்லாவே இருக்கும்."

குக்கர்தான் முதலில் சிரித்தாள். அதோடு அந்தத் தழும்பு எங்கள் கண்ணிலிருந்து போய்விட்டது. நாவலிலும் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

விளம்பரத்துக்குக் குக்கர் ஒரு திட்டம் போட்டாள். அவள் போட்டதிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றும் சொல்வேன். நாவலின் முதல் அத்தியாயத்தைத் தனித்தாளில் அச்சடித்து ஊரிலுள்ள லிஃப்டுகளுக்குள் ஒட்டுவது. தலைப்பு: 'இந்த லிஃப்ட் நின்றுபோனால் படிக்கவும்.' அத்தியாயம் சரியான இடத்தில் அறுந்து நிற்கும், கீழே கடைகளின் பெயர் இருக்கும். கூடவே, குடியிருப்போர் சங்கங்கள் கூடும்போது போய் அவர்களுக்கே ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுவது. "அவங்கவங்க செயலாளரை நினைச்சு சிரிப்பாங்க பாரு" என்றாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் போய்ப் பேசி, பழுதுபார்க்க வரும் ஆட்களே தாளை ஒட்டிவிட்டுப் போவதாக ஏற்பாடும் செய்துவிட்டாள். எழுத்தாளரின் படம் எங்கேயும் கிடையாது. எக்ஸ்ரே அக்கா கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். "புத்தகத்துக்கு எதுக்குங்க மூஞ்சி?" என்றார்.

கூட்டத்தில் முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவர். அன்று கடைசியாகப் பேசியது, அவர் புதிதாக அமர்த்தியிருந்த ஆலோசகன். பளிச்சென்ற வெள்ளை ஷூ போட்டு வருவான். எங்களுக்கு அவன் வெள்ளை ஷூ.

"எல்லாம் சரி மேடம், ஆனா கதை என்ன?" என்று குக்கரைக் கேட்டான்.

"லிஃப்ட் நின்னு போச்சு. அதான் கதை. படிக்கலையா நீங்க?"

"புத்தகத்தோட கதை இல்ல, அந்தம்மாவோட கதை. முகத்துல என்ன ஆச்சு?"

"அது அவங்களோடது. நம்ம வாங்கினது நாவலை. ஆளை வாங்கல."

"ஜனங்க ஆளைத்தான் மேடம் வாங்குறாங்க."

குக்கருக்கு மூக்கு விடைத்தது. முதலாளி குறுக்கே புகுந்து, "சரி சரி, லிஃப்டே இருக்கட்டும்" என்றார். நாங்கள் நம்பினோம்.

அந்தச் சமயம் பார்த்துக் குக்கரின் தங்கைக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை. குக்கர் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனையே கதியென்று கிடந்தாள். தெருச் சுவர்களில் ஒட்டவிருந்த போஸ்டரின் கடைசி வடிவத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டுத்தான் போனாள். நின்றுபோன லிஃப்ட், அதற்குள் நாற்காலி, நாற்காலியில் கோப்புகளோடு ஒரு மனிதர். நானும் பார்த்தேன், பிழை இல்லை.

தங்கையை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிய காலை, பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். நிறுத்தத்துச் சுவர் முழுக்க எக்ஸ்ரே அக்காவின் முகம். பாதி முகம், தழும்பு இருக்கும் பாதி. சுற்றிலும் சிவப்பு. 'இந்த முகத்துக்குப் பின்னால் ஒரு நெருப்பு. வைத்தது யார்?' மூலையில், தேடினால் மட்டும் கண்ணில் படும் அளவில், 'லிஃப்ட் ஓடாது'.

ஒப்பந்தத்துக்கு வந்த அன்று எக்ஸ்ரே அக்கா எங்கள் அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, யாரோ அவருக்குத் தெரியாமல் கைபேசியில் எடுத்த படம் அது. படத்தின் ஓரத்தில் என் மேஜை விளக்கு இருந்தது. 

குக்கர் அங்கேயே இறங்கி, நகத்தால் கிழிந்த வரை கிழித்து, அந்தத் துண்டோடு படியேறி வந்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே முதலாளி அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை.

"என்ன சார் இது?"

"உக்காருங்கம்மா. தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?"

"தங்கச்சி நல்லா இருக்கா. இது என்ன?"

"கொஞ்சம் சூடா இருக்கட்டும்னு மாத்தினோம். நீங்க லீவுல இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு..."

"தொந்தரவு பண்ண வேண்டாம்னு! 'வைத்தது யார்'னா என்ன சார் அர்த்தம்? ரோட்டுல போறவன் யாரை நினைப்பான்? அவங்களுக்குப் புருஷன்னு ஒருத்தர் இருக்காரே, அவரைத்தானே நினைப்பான்?"

"நாம யாரையும் குத்தம் சொல்லலையேம்மா. கேள்விதானே கேட்டிருக்கோம்?"

அவள் கத்திய கத்தலில் கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. நாலு பேர் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தார்கள். "கேள்வி கேட்டீங்களா? நானும் ஒரு கேள்வி போஸ்டர் அடிச்சு உங்க வீட்டு வாசல்ல ஒட்டட்டுமா? 'இந்த வீட்டுல இருக்கறவர் திருடனா?' குத்தம் சொல்லல சார், சும்மா ஒரு கேள்வி!"

முதலாளி முகம் கறுத்துப்போனது. ஆனால் மேஜையில் கடைகளிலிருந்து வந்த ஆர்டர் தாள்கள் குவிந்திருந்தன. அதைத் தொட்டுக் காட்டினார். "அச்சாகறதுக்கு முன்னாடியே இவ்வளவு. உங்க லிஃப்டுக்கு இது வருமா?"

நாவலில் நெருப்பே கிடையாதே, வாங்குகிறவர்கள் தேடிப் பார்த்துவிட்டு என்ன சொல்வார்கள் என்று குக்கர் கேட்டாள். பக்கத்தில் நின்ற வெள்ளை ஷூ பதில் வைத்திருந்தான். "வாங்கின அப்புறம்தானே மேடம் தேடுவாங்க?"

மறுநாள் எக்ஸ்ரே அக்காவே வந்தார், வேலை உடுப்பைக் கழற்றாமல். நாங்கள் எழுந்து நின்றோம். அவர் உட்காரவில்லை.

அவருடைய கணவர் கார் ஓட்டப் பழகிக்கொடுக்கும் மாஸ்டர். சொந்தமாகச் சின்ன ஓட்டுநர் பள்ளி, ஒரே ஒரு கார். பழக வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், அவர் குரலை உயர்த்தாதவர் என்பதற்காகவே வருகிறவர்கள். அவர்கள் வருவது நின்றுபோனது. ஒருத்தி கைபேசியில் செய்தி அனுப்பியிருந்தாள்: 'உங்களோடு தனியாகக் காரில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.' காரின் கதவில் யாரோ சாவியால் கீறி, எழுதக் கூசும் வார்த்தை ஒன்றை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அதைக் கிழிக்கச் சொல்றேன் அக்கா, இன்னைக்கே, இந்த நிமிஷமே!" என்று குக்கர் மறுபடி உச்சத்துக்குப் போனாள்.

எக்ஸ்ரே அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். "நீங்க நல்லா கத்துறீங்க. கேக்க எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா உங்க கத்தலுக்கு என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு ஆளும் திரும்பி வரல."

குக்கர் வாயை மூடிக்கொண்டதை நான் முதல்முறையாகப் பார்த்தது அன்றுதான்.

பிறகு எக்ஸ்ரே அக்கா மெதுவாகப் பேசினார். அந்த நிதானத்தில்தான் அவர் எவ்வளவு கோபமாக இருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. "அந்த நெருப்பைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசினதில்ல. மறைக்கணும்னு இல்ல. அது எனக்கு சுவாரசியமே இல்லாத விஷயம். என் வாழ்க்கையில அது ஒரு மத்தியானம். அவ்வளவுதான். எனக்கு அந்தக் கூடையில நீளுற கைதான் சுவாரசியம். இப்ப என் வீட்டுக்காரர் பேரைக் காப்பாத்தணும்னா நான் அந்த மத்தியானத்தைப் பத்திப் பேசியாகணும். பேசினா உங்க முதலாளி ஜெயிச்சார். பேசலன்னா என் வீட்டுக்காரர் தோத்தார். எப்படி இழுத்துப் பிடிச்சு மாட்டி விட்டிருக்காங்க பார்த்தீங்களா?"

"நான் பேசறேன் அக்கா. நீங்க சும்மா இருங்க."

"என் முகத்தைப் பத்தி இனி யாரும் எனக்காகப் பேச வேண்டாம். நானே பேசிக்கறேன். வெளியீட்டு விழாவுல, ஒரே ஒரு தடவை."

இதைக் கேட்டு முதலாளிக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "மேடையில அவங்களே சொல்றாங்களா? கேமராக்காரங்களை எல்லாம் கூப்பிடுங்க!" சிறிய அறையில் நடக்கவிருந்த விழா பெரிய அரங்கத்துக்கு மாறியது. குக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு அழைப்பிதழ் வேலை பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. கத்தினால் பரவாயில்லை, அவள் கத்தாமல் இருந்தாள்.

விழா மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. மாஸ்டர் முதல் வரிசையில், கைகளை மடியில் வைத்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து அவரைச் சுட்டிக்காட்டிக் கிசுகிசுத்தார்கள். அவருக்குக் கேட்டிருக்கும்.

எக்ஸ்ரே அக்கா மைக்குக்கு வந்தார். 

"எங்க வீட்டுல கேஸ் குழாய் கசிஞ்சுது. நான் கவனிக்காம தீக்குச்சியைக் கிழிச்சேன். இதோ இங்க உக்காந்திருக்கிற என் வீட்டுக்காரர் வெறும் கையால அணைச்சார். அவ்வளவுதான். யாரும் வைக்கல. இதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தீங்கன்னா நீங்க கிளம்பலாம், புத்தகம் வாங்க வேண்டியதில்ல, இலவசமாவே சொல்லிட்டேன். லிஃப்ட் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா மட்டும் உக்காருங்க."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் புத்தகத்தைத் திறந்து கூடை அத்தியாயத்தை வாசிக்க ஆரம்பித்தார். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு வரை எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அத்தியாயம் அது. நன்றாகவும் வாசித்தார். தரைத்தளத்துக்காரருக்கு ஒரு குரல், செயலாளருக்கு ஒரு குரல்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உதட்டைக் கடித்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடையிலிருந்து கை செய்தித்தாளை எடுக்கும் இடத்தில் ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். குறுக்கெழுத்தை நிரப்பும் இடத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். என் பக்கத்தில் இருந்தவர், "எவ்வளவு வலி இருந்தா இப்படி எழுதியிருப்பாங்க" என்று முணுமுணுத்தார். அவரை அப்படியே பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. எக்ஸ்ரே அக்கா ஒரு இடத்தில் நிறுத்தி, சிரிப்புக்காகக் காத்தார். வரவில்லை. மீதிப் பக்கங்களை வேகமாக, ஒரே குரலில் வாசித்து முடித்துவிட்டு உட்கார்ந்தார். கைத்தட்டல் மட்டும் இடி மாதிரி இருந்தது.

வாசித்து முடித்ததும் கூட்டம் மேடையை மொய்த்தது. புகைப்படக்காரர்கள் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், கையைக் காட்டுங்க சார். அணைச்ச கை இதுதானே? இப்படி மேல தூக்குங்க. அவங்க முகத்துக்குப் பக்கத்துல கொண்டுவாங்க." யார் எது சொன்னாலும் மறுக்கத் தெரியாத மனிதர். சுருங்கித் தடித்த உள்ளங்கைகள் இரண்டையும், போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டினால் தூக்குவது போல உயர்த்தினார். எக்ஸ்ரே அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"கையைக் கீழ போடுங்க மாஸ்டர்!"

குக்கர்தான். மைக் தேவைப்படவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, இரண்டு பேருக்கும் கேமராக்களுக்கும் நடுவில் நின்று, மாஸ்டரின் கைகளைத் தன் கையாலேயே இறக்கிவிட்டாள். ஒரு புகைப்படக்காரர், "நகருங்கம்மா" என்றார். "நகரலன்னா என்ன பண்ணுவே? என்னை எடு. இந்தா, என் மூஞ்சியை எடு. இதுல ஒண்ணும் இல்லையா? அப்ப போ!" என்றாள்.

முதலாளி ஓடி வந்தார். "என்னம்மா இது, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும் சார். பார்க்கத்தானே கூப்பிட்டீங்க? ஒரு பொம்பளை ராவும் பகலும் உக்காந்து ஊரைச் சிரிக்க வைக்க ஒண்ணு எழுதினாங்க. ஒருத்தன் சிரிச்சானா? அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கறது பாவம்னு இத்தனை பேரையும் நம்ப வச்சுட்டீங்களே! புத்தகத்தை வித்துட்டீங்க சார். படிக்க முடியாம பண்ணிட்டீங்க."

"நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்கு நான் வரல. அதுக்கப்புறமும் வரல."

அப்படியே எக்ஸ்ரே அக்காவையும் மாஸ்டரையும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் குடையையும் பிறகு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். சுவர் சுரண்டும் தகடு ஒன்றும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் நின்று போஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தாளாம். பசை நல்ல பசை, சுலபத்தில் வரவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒரு பார்வை பார்த்தார்கள். ஒருவர், "மாநகராட்சியா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டார். "ஆமா" என்று இவளும் சொல்லிவிட்டாள்.

ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. கூரையில் ஓட்டுநர் பள்ளிப் பலகை, கதவில் கீறல். மாஸ்டர் கண்ணாடியை இறக்கி, "நடந்தே எல்லாத்தையும் கிழிக்கப் போறீங்களாம்மா? ஏறுங்க. எனக்குத்தான் இன்னைக்குப் பழக்க ஆள் இல்லையே" என்றார்.

நிறுத்தம் நிறுத்தமாகப் போனார்கள். அவர் தண்ணீர் ஊற்ற, அவள் சுரண்ட. அவர் வழக்கம் போல எங்கே திரும்பினாலும் முன்கூட்டியே விளக்குப் போட்டு, பாதசாரிக்கு நின்று, ஒழுங்காக ஓட்டினார். குக்கருக்கு அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

"உங்களுக்குக் கோபமே வராதா மாஸ்டர்?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க."

சந்தைக்கு எதிர்ச்சுவரில் இருந்தது பெரிய போஸ்டர். அவர் இறங்கினார். வாளியை எடுக்கவில்லை, நேரே போய் வெறும் கையால் பிய்க்க ஆரம்பித்தார். மனைவியின் முகத்தைக் கிழிக்கக் கூடாது என்று எழுத்துகளை மட்டும் பிய்த்தார். 'வைத்தது யார்' துண்டு துண்டாகப் பிய்ந்து விழுந்தது. விழுந்ததைக் காலால் தேய்த்தார். வாயில் வந்ததெல்லாம் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி வார்த்தைகள் வரும் என்று குக்கர் எதிர்பார்க்கவே இல்லை. சிலது அவளுக்கே புதுசு. சந்தைக்காரர்கள் கடையை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர், "அந்தாளு இவன்தானே?" என்றார். மாஸ்டர் திரும்பி, "ஆமா, நான்தான். என்ன வேணும்?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் சுவரில் முகம் மட்டும் மிச்சம் இருந்தது. அதை அவர் ஈரத்துணியால் நனைத்து நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, முழுசாக எடுத்து, உருட்டிப் பின்சீட்டில் வைத்தாராம்.

"வீட்டுக்கா?" என்று குக்கர் கேட்டாள்.

"ரோட்டுல போட முடியாதுல்ல. அவ சிரிச்சிட்டு இருக்கா, பார்த்தீங்களா? டீ குடிக்கும்போது யாரோ ஏதோ சொல்லியிருக்கீங்க."

அதுவரை யாருமே அதைக் கவனித்திருக்கவில்லை.

இதற்கெல்லாம் பிறகு நியாயம் கிடைத்ததா என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. புத்தகம் மறுபதிப்புக்குப் போனது. வாங்கியவர்கள் பலர், 'நெருப்பைப் பற்றி ஒன்றுமே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதினார்கள், எக்ஸ்ரே அக்காவைத் திட்டி. வெள்ளை ஷூ வேறு பெரிய இடத்துக்குப் போய்விட்டான். முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. குக்கர் விடாப்பிடியாக நின்று கேட்டதில் செய்தித்தாளில் ஒரு மூலையில் 'விளக்கம்' என்று ஒரு பத்தி வெளியிட்டார். அதில் நான் திருத்த ஒரு பிழையும் இல்லை, படிக்க ஒரு ஆளும் இல்லை. மாஸ்டரிடம் பழக வருகிறவர்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள், முதலில் வந்தது குக்கரின் தங்கை. தையல் காய்ந்தும் காயாமலும் போய், மாஸ்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஊரின் பெரிய தெருக்கள் எல்லாவற்றிலும் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினாள்.

எக்ஸ்ரே அக்கா அடுத்த நாவலை வேறொரு பதிப்பகத்துக்குக் கொடுத்தார். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் ஒரு நாற்காலிக்காக நடக்கும் போர். குக்கர்தான் விளம்பரம் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார், அதனால் குக்கருக்கும் அங்கே வேலை கிடைத்தது. என்னை மட்டும் டயர் கடைக்கு மேலே தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கோபம் அடங்கவில்லை. எந்தப் புத்தகக் கடைக்குப் போனாலும் 'லிஃப்ட் ஓடாது' எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். 'வாழ்க்கைப் போராட்டம்' என்று எழுதிய தட்டில் இருக்கும். எடுத்துக்கொண்டுபோய் நகைச்சுவைத் தட்டில், கண் மட்டத்தில் வைப்பாள். அடுத்த முறை போனால் மறுபடி பழைய இடத்தில் இருக்கும். போன வாரம் ஒரு கடையில் அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள்.

"மேடம், அது அங்க இல்ல. கம்ப்யூட்டர்ல 'வாழ்க்கைப் போராட்டம்'னு இருக்கு" என்றாளாம் கடைப்பெண்.

"கம்ப்யூட்டர் இதைப் படிச்சுதா?"

"இல்ல மேடம்."

"நீ படிச்சியா?"

"அது... அழுகையா இருக்கும்னு சொன்னாங்க மேடம். எனக்கு அழுகைப் புத்தகம் ஆகாது."

குக்கர் அந்தப் பெண்ணை ஏணிப்படியில் உட்கார வைத்து, கூடை அத்தியாயத்தை நின்றபடியே வாசித்துக் காட்டியிருக்கிறாள். அந்தக் கை ஜன்னலுக்கு வெளியே நீண்ட இடத்தில் பெண் குபீரென்று சிரித்துவிட்டாளாம். முழுசாகக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்து, நன்றி சொல்லி, புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டாளாம்.

"அப்புறம் என்ன, நல்லதுதானே?" என்றேன்.

"என்ன நல்லது? எழுந்து போய் அதை எங்க வச்சா தெரியுமா?" என்று போனில் கத்தினாள். "மறுபடி அதே தட்டுல! கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்காம்!"

நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.